தெரிந்தே செய்வது எப்படிச் சாத்தியம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை 5 மணிக்கு எழுந்து படிக்க வேண்டும், அதற்கு 10 மணிக்கெல்லாம் படுத்துவிட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தும் கேட்டவர் இரவு 1 மணி வரை ரீல்ஸ் பார்க்கிறார். "இதைத் தத்துவத்தில் பெரிய புதிர் என்கிறார்களே, இதில் அப்படி என்ன புதிர்? மனக்கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதானே?" என்று கேட்கிறார்.

மனக்கட்டுப்பாடு இல்லை என்றால் நடந்ததற்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, எப்படி நடந்தது என்பது அப்படியேதான் இருக்கிறது. உங்களை யாரும் கட்டிவைத்து ரீல்ஸ் காட்டவில்லை. போனைக் கீழே வைக்க முடியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, தூங்குவதுதான் மேல் என்று நீங்களே முடிவும் செய்துவிட்டீர்கள். எப்படிச் சொல்கிறேன் என்றால், 11 மணி வாக்கில் ரீல்ஸை விட்டு வெளியே வந்து, அலாரத்தை 5 மணிக்கு வைத்து, அது போதாதென்று 5:10க்கு இன்னொன்றும் வைத்துவிட்டு, திரும்பவும் ரீல்ஸுக்குள் போயிருப்பீர்கள். அலாரம் வைத்த அதே விரல்தான் அடுத்த நொடி திரையைத் தள்ளுகிறது. சாதாரணமாக ஒருவன் ஏன் இதைச் செய்தான் என்று கேட்டால், அவனுக்கு அதுதான் நல்லது என்று பட்டது, செய்தான் என்போம். மனிதர்களின் செயலைப் புரிந்துகொள்ள நம்மிடம் இருக்கும் முக்கியமான வழியே அதுதான். இங்கே அது உதவவில்லை, நல்லது என்று பட்டது ஒன்று, செய்தது வேறு. கை தவறிப் பட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, வேண்டுமென்றேதான் செய்தீர்கள். அப்படியென்றால் எந்தக் காரணத்தை வைத்து?

தன் முடிவுக்குத் தானே தெரிந்தே மாறாக நடக்கும் இதைக் கிரேக்கர்கள் அக்ராசியா என்றார்கள். இதைப் பெரிய விவகாரமாக்கியவர் சாக்ரடீஸ், அதுவும் அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லி. பிளேட்டோ எழுதிய 'புரோட்டகோரஸ்' உரையாடலில் இந்த வாதம் வருகிறது. ஊரார் அறிவை ஓர் அடிமை மாதிரி நினைக்கிறார்கள், கோபம், இன்பம், வலி, காதல், பயம் என்று ஆளாளுக்கு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதாகப் பேசுகிறார்கள், ஆனால் எது நல்லது எது கெட்டது என்று உண்மையிலேயே தெரிந்தவனை எதுவும் அசைக்க முடியாது என்கிறார். பிறகு ஏன் தப்பு செய்கிறோம்? கணக்குப் பிழையாம். பக்கத்தில் இருக்கும் பொருள் கண்ணுக்குப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் தெரிகிற மாதிரி, இப்போது கிடைக்கும் சுகம் பெரிதாகவும் நாளைக்கு வரும் கஷ்டம் சின்னதாகவும் தெரிகிறது. சரியாக அளக்கத் தெரிந்தவன் ஏமாற மாட்டான், ஏமாந்தவனுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதைக் கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். புற்றுநோய்ப் படம் போட்ட பாக்கெட்டிலிருந்தே சிகரெட்டை உருவிப் பற்றவைக்கும் ஆளை மனுஷன் பார்த்ததில்லை போலிருக்கிறது என்று தோன்றும். ஆனாலும் நான் பாதிக்கு மேல் சாக்ரடீஸ் பக்கம்தான். ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

பிளேட்டோவே பின்னால் 'குடியரசு' நூலின் 4ஆம் புத்தகத்தில் சாக்ரடீஸை வேறு மாதிரிப் பேச வைக்கிறார். லியோன்டியஸ் என்ற ஒருவன் பைரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு வடக்கு மதிலின் வெளிப்புறமாக நடந்து வருகிறான். வழியில் கொலைத்தண்டனை நிறைவேற்றிய இடத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க ஆசை, அதே சமயம் அருவருப்பு, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கொஞ்ச நேரம் போராடிவிட்டு, கண்களை அகல விரித்தபடி பிணங்களை நோக்கி ஓடி, "இந்தாங்கடா பாவிகளா, ஆசை தீரப் பாருங்கள்" என்கிற மாதிரி தன் கண்களையே திட்டுகிறான். பாருங்கள், ஓடியது அவன் கால், ஆசைப்பட்டது அவன், திட்டு வாங்கியது கண். ஆன்மாவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகள் இருக்கின்றன, அவை சண்டை போடும் என்பதைக் காட்டத்தான் பிளேட்டோ இந்தக் கதையைச் சொல்ல வைக்கிறார்.

சங்கப் பாட்டிலும் இந்த இழுபறி இருக்கிறது. நற்றிணை 284இல் பொருள் தேடிப் போன தலைவனின் நெஞ்சு, திரும்பிப் போய் அவள் துயரத்தைத் தீர்ப்போம் என்கிறது. அறிவு, எடுத்த வேலையை முடிக்காமல் விட்டால் அறியாமையும் இழிவும்தான் மிஞ்சும், கொஞ்சம் பொறு, அவசரப்படாதே என்கிறது. இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கிற புரி தேய்ந்த பழைய கயிறு மாதிரி என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். அந்த உவமைக்காகவே புலவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் வந்துவிட்டது. தவிப்பை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. ஆனால் நம் புதிருக்கு விளக்கமாக இதை எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும். எந்த யானைக்குப் பலம் அதிகமோ அதன் பக்கம் கயிறு போகும், சரி, அப்போது கயிறு எதையும் செய்யவில்லையே. "நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன்" என்று நீங்கள் மறுநாள் காலை நொந்துகொள்கிறீர்களே, அந்த "நான்" இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. லியோன்டியஸுக்கும் இதே கதிதான். மனதைத் துண்டு துண்டாகப் பிரித்து விளக்கும் எல்லாக் கோட்பாடுகளும், ஃபிராய்டு வரைக்கும், இந்த இடத்தில் தடுமாறும் என்பது என் எண்ணம்.

வள்ளுவர் ஒரே குறளில் முடித்துவிடுகிறார்: "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்" (834). படித்திருக்கிறான், உணர்ந்திருக்கிறான், அடுத்தவனுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறான், ஆனால் தான் மட்டும் அடங்கவில்லை. "உணர்ந்தும்" என்று ஒப்புக்கொண்டதால் சாக்ரடீஸ் சொல்கிற மாதிரித் தெரியாமல் செய்தவன் இல்லை இவன். ஆனாலும் இந்தக் குறள் இருப்பது பேதைமை அதிகாரத்தில். தெரிந்திருப்பதும் பேதையாக இருப்பதும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது வள்ளுவருக்கு ஒரு முரணாகவே படவில்லை. எப்படி இருக்க முடியும் என்று அவர் விளக்கவில்லை, அது அவர் வேலையும் இல்லை.

விளக்க உட்கார்ந்தவர் அரிஸ்டாட்டில். 'நிக்கோமாக்கிய அறவியல்' 7ஆம் புத்தகத்தில், சாக்ரடீஸ் சொல்வது கண்ணெதிரே நடப்பதோடு முரண்படுகிறது என்று ஆரம்பிக்கிறார். ஆனால் வாதம் போகப் போக, ஆச்சரியமாக, சாக்ரடீஸுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறார். தெரியும் என்பதிலேயே பல படிகள் இருக்கின்றன என்கிறார். தூங்குகிறவனுக்கும் குடிபோதையில் இருப்பவனுக்கும் தெரிந்தவை எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. போதையில் இருப்பவன் எம்பெடோக்ளிஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதியின் செய்யுளைக்கூடச் சரியாக ஒப்பிப்பான், அதனால் அவனுக்கு அது புரிகிறது என்று ஆகிவிடாதாம். சர்க்கரை நோயாளி ஒருவர் கல்யாணப் பந்தியில் "எனக்கு ஸ்வீட் ஆகாதுங்க" என்று பரிமாறுபவரிடம் சொல்லிக்கொண்டே இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போடுகிறாரே, அரிஸ்டாட்டில் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தைப் போதைச் செய்யுள் கணக்கில் சேர்த்திருப்பார். அவர் இன்னொன்றும் சொல்கிறார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கோபத்தில் தடுமாறுகிறவன், சொன்னதை முழுசாகக் கேட்காமலே ஓடிப்போய் வேலையைத் தப்பாகச் செய்யும் வேலைக்காரன் மாதிரி. அறிவு சொன்னதைப் பாதியாவது கேட்டிருக்கிறான், அதனால் ஆசையில் தடுமாறுகிறவனைவிட அவன் மேல்.

ஆனால் போதை, மயக்கம், வேகம் என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. இதைப் போட்டு உடைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின். 1956இல் செய்த தப்புக்குச் சொல்லும் சமாதானங்கள் பற்றி அவர் படித்த ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு காட்சி வரும். கல்லூரிப் பேராசிரியர்கள் உட்காரும் மேசையில் ஐஸ்கிரீம் வருகிறது, ஆளுக்கு ஒன்று என்று கணக்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும், இரண்டு துண்டு எடுத்துக்கொள்கிறேன். ஆசைக்கு இடம் கொடுத்துவிட்டேன், சரி. அதற்காக என் கட்டுப்பாட்டை இழந்துவிட்டேனா, தட்டில் பாய்ந்து பிடுங்கி விழுங்கினேனா? அதெல்லாம் இல்லை, நிதானமாக, நாசூக்காகக்கூட எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். யோசித்துப் பாருங்கள், நாம் செய்யும் பெரும்பாலான தப்புகள் இந்த நிதானத்தில்தான் நடக்கின்றன. ரீல்ஸ் பார்ப்பவன் முகத்தில் எந்தக் கொந்தளிப்பும் இருக்காது, தலையணையை மடித்துவைத்து வசதியாகச் சாய்ந்திருப்பான்.

ஆஸ்டின் காலத்திலேயே ஆர். எம். ஹேர் என்பவர் சாக்ரடீஸ் கட்சியை நவீனமாக்கினார். 1952இலும் 1963இலும் வந்த இரண்டு நூல்களில் அவர் சொன்னதன் சாரம் இது: "இதைச் செய்ய வேண்டும்" என்று ஒருவன் மனதார ஒப்புக்கொண்டால், செய்யவும் முடியும் என்றால், செய்வான். செய்யவில்லையா, அவனால் முடியவில்லை, இல்லாவிட்டால் அவன் சொன்ன "வேண்டும்" என்பது "எல்லோரும் வேண்டும் என்கிறார்கள்" என்ற அளவுக்குத்தான். நம் ஊர்ப் பாஷையில், ஊருக்கு உபதேசம். சிலருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். தன் படிப்புக்காகத் தானே அலாரம் வைத்தவன் யாருக்கு உபதேசம் செய்தான் என்று கேட்டால் ஹேரிடம் நல்ல பதில் இல்லை.

அடுத்து 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன். அவர் கட்டுரையில் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது பல் தேய்க்கும் கதை. நாள் முழுக்க உழைத்துவிட்டுப் படுத்தாயிற்று, பல் தேய்க்கவில்லை என்று நினைவு வருகிறது. என் பல் உறுதியானது, இந்த வயதில் சொத்தை மெதுவாகத்தான் வரும், எழுந்தால் தூக்கம் கெட்டுவிடும், எல்லாவற்றையும் பார்த்தால் படுத்தே கிடப்பதுதான் மேல் என்று முடிவுக்கு வருகிறான். ஆனாலும் தேய்க்க வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை, அலுப்போடு எழுந்துபோய்த் தேய்க்கிறான். அக்ராசியாதான் இது! இன்பத்துக்கு மயங்கிக் கடமையை விட்டவன் இங்கே இல்லை. கடமைக்கு மயங்கி நல்லதை விட்டவன் இருக்கிறான். ஒழுக்கம், ஆசை என்று பிரித்து வைத்துப் பேசிய இரண்டாயிரம் ஆண்டுப் பேச்சை ஒரு டூத்பிரஷ் கலைத்துவிட்டது.

டேவிட்சனின் தீர்வு கொஞ்சம் நுணுக்கமானது. "எனக்குத் தெரிந்த எல்லாக் காரணங்களையும் வைத்துப் பார்த்தால் தூங்குவது மேல்" என்பது ஒரு தீர்ப்பு. "தூங்குவது மேல்" என்பது இன்னொன்று, நிபந்தனை இல்லாதது. செயலுக்குக் கொண்டுபோவது இரண்டாவதுதான். முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்து விழுந்துவிடாது. ஆகவே எல்லாக் காரணங்களையும் வைத்துத் தூக்கத்துக்கு ஓட்டுப் போட்டவன், அதில் ஒரு சின்னக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ரீல்ஸே மேல் என்று இறுதித் தீர்ப்பு எழுதலாம். தர்க்கப்படி அவன் தனக்குத்தானே முரண்படவில்லை, ஆனால் எல்லாக் காரணங்களும் சேர்ந்து எதைச் சொல்கின்றனவோ அதைச் செய் என்ற விதியை மீறிவிட்டான். ஏன் மீறினான் என்று கேட்டால், அதற்குக் காரணமே கிடையாது, தன் செயலில் தனக்கே புரியாத ஏதோ ஒன்று இருப்பதை அவன் பார்க்கிறான் என்று டேவிட்சன் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். இறுதித் தீர்ப்பையும் தூக்கத்துக்கே எழுதிவிட்டு ரீல்ஸ் பார்ப்பவன் இருக்க முடியுமா? டேவிட்சன் கணக்கில் முடியாது. இங்கேதான் பலர் அவரோடு முட்டிக்கொண்டார்கள்.

இப்போது என் பக்கம். இந்த மாதிரி நேரங்களில் கவனிக்க வேண்டியது ஆசையின் பலத்தை இல்லை, சாக்கை. 11:40க்கு என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்? "இன்னும் ஒண்ணே ஒண்ணு." "நாள் முழுக்க மாடா உழைச்சாச்சு." "நாளைக்குச் சனிக்கிழமைதானே." சாக்கு சொல்கிற கணம் தீர்ப்பு மாறிவிட்டது, அந்த ஒரு ரீலுக்கு மட்டுமாவது. ரீல்ஸில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்தச் சாக்கு உண்மையும்கூட! அரை நிமிட ரீல் ஒன்றைக் கூடுதலாகப் பார்த்தால் தூக்கம் கெடுமா? கெடாது. அடுத்ததைப் பார்த்தால்? அதுவும் கெடாது. 240 தடவை சரியான பதில் சொல்லியாயிற்று, 2 மணி நேரம் போய்விட்டது. எந்தத் தனி ரீலைப் பார்த்ததும் உங்கள் முடிவுக்கு விரோதமாக இல்லை, மொத்தமாகப் பார்த்ததுதான் விரோதம், ஆனால் மொத்தமாகப் பார்ப்போம் என்று நீங்கள் எந்த நொடியிலும் முடிவெடுக்கவில்லை. வாரன் குவின் என்ற தத்துவவாதி 1990இல் இதே அமைப்பில் ஒரு புதிர் போட்டார். ஒருவன் உடம்பில் வலி கொடுக்கும் கருவி, ஒரு படி கூட்டினால் 10,000 டாலர், ஒவ்வொரு படிக்கும் வலி கூடியதே தெரியாது, ஆனால் கடைசிப் படியில் நரகம். ஒவ்வொரு அடியும் புத்திசாலித்தனம், போய்ச் சேர்ந்த இடம் முட்டாள்தனம். ஆகவே சாக்ரடீஸ் சொன்ன அளக்கும் கலை இங்கே நிஜமாகவே தேவைப்படுகிறது, துண்டை விட்டு மொத்தத்தை அளக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் அவர் பக்கம் சாய்கிறேன் என்றேன்.

முழுக்கச் சாயாமல் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. மணி 12:40. சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. கடிகாரத்தைப் பார்த்து "நான் பண்றது முட்டாள்தனம்" என்று வாய்விட்டே சொல்கிறீர்கள், சொல்லும்போதே கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளுகிறது. அந்தச் சில நொடிகள் அக்ராசியா, சுத்தமான அக்ராசியா, ஹேராலும் டேவிட்சனாலும் விழுங்க முடியாதது. ஆனால் அந்த நிலையில் யாராலும் ரொம்ப நேரம் இருக்க முடிவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒன்று போனை வைத்துவிடுவோம், இல்லை, புதிதாக ஒரு சாக்கைக் கண்டுபிடிப்போம். நம் தீர்ப்புக்கு நம் மேல் ஒரு பிடியும் இல்லை என்றால் சாக்கு எதற்கு? பூனை பால் குடிக்கும்போது தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதில்லை. நாம் சொல்லிக்கொள்கிறோம், ஏனென்றால் தீர்ப்பைச் சரிக்கட்டாமல் அதைத் தாண்டிப் போவது அவ்வளவு சுலபமில்லை.

ரிச்சர்ட் ஹோல்டன் 1999இல் எழுதியதும் இங்கே பொருந்தும். நாம் மனவுறுதி இல்லை என்று திட்டுவது பெரும்பாலும் தீர்ப்புக்கு மாறாக நடந்ததை வைத்து இல்லை, எடுத்த உறுதியை நியாயமில்லாமல் மாற்றிக்கொண்டதை வைத்துத்தான் என்கிறார். தீர்ப்பும் மாறிப்போயிருக்கலாம், அப்போதும் அது மனவுறுதி இன்மைதான். புத்தாண்டுக்கு ஜிம்மில் சேர்ந்தவர் ஜனவரி மாதக் கடைசியில் "ஓய்வும் முக்கியம்" என்று உளமார நம்புவது இந்த வகை.

அதனால் அனுபவப்பட்டவர்கள் 12:40க்குப் போராடுவதில்லை, 8 மணிக்கே வேலையை முடித்துவிடுகிறார்கள். ஹோமரின் காவியத்தில் ஓடிசியஸ் சைரன்களின் பாட்டைக் கேட்கும் முன்பே தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்றும் சொல்லி வைக்கிறான். அரசாங்கமே பாய்மரம் நட்டதும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்று 2025இல் தமிழ்நாட்டில் விதி கொண்டுவந்தார்கள், நிறுவனங்கள் வழக்குப் போட்டன, சென்னை உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இழக்க இழக்கச் சூதின் மேல் காதல் கூடும் என்ற 940ஆம் குறளை இரவு நேர ரம்மிக்காகவே எழுதியது போல இருக்கும். அதெல்லாம் அவனவன் விருப்பம் என்று வாதாடலாம், ஆனால் பகலில் அவனையே கேட்டால் எந்த விருப்பத்தைத் தன்னுடையது என்பான் என்பதும் ஒரு கேள்விதான்.

கேரி வாட்சன் 1977இல் எழுப்பிய சந்தேகம் இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. நிறுத்த முடிந்தும் நிறுத்தாதவன், நிறுத்தவே முடியாதவன், இரண்டு பேரையும் எப்படிப் பிரிப்பது? முடிந்தது, ஆனால் முயற்சி போடவில்லை என்கிறீர்களா? ஏன் போடவில்லை? அவ்வளவு முயற்சி தேவையில்லை என்று நினைத்தான் என்றால் தீர்ப்பு மாறிவிட்டது. எவ்வளவு தேவை என்று தப்பாகக் கணித்தான் என்றால் அது வேறு பிழை. இரண்டும் இல்லை என்றால் அவனால் முடியவில்லை என்றுதானே வருகிறது? குடிநோயாளியிடம் நாம் ஒரு மாதிரியும் ரீல்ஸ் பார்ப்பவனிடம் வேறு மாதிரியும் பேசுகிறோம். அந்த வித்தியாசத்தை, எல்லோருக்கும் சாதாரணமாக இருக்கும் அளவு கட்டுப்பாட்டுத் திறன் அவனிடமும் இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் வைக்கிறார் வாட்சன். எனக்கு இது முழுத் திருப்தி தரவில்லை, ஆனால் இதைவிட நல்ல பதிலையும் நான் படித்ததில்லை.

கடைசியாக, "மனக்கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதானே" என்பதில் இன்னொரு ஊகம் ஒளிந்திருக்கிறது, தீர்ப்புப்படி நடப்பதுதான் எப்போதும் நல்லது என்று. மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின்னைப் பாருங்கள். அடிமைமுறை இருந்த காலம், தப்பியோடும் அடிமை ஜிம்மோடு மிசிசிப்பி ஆற்றில் மிதவையில் போகிறான் அந்தப் பையன். ஜிம் இன்னொருத்தரின் சொத்து, அவனுக்கு உதவுவது திருட்டு, பிடித்துக் கொடுப்பதே தர்மம் என்று அவன் மனசாட்சி குத்துகிறது, காட்டிக்கொடுக்க முடிவும் செய்துவிடுகிறான். அடிமைகளைத் தேடி வந்த இருவர் மிதவையில் இருப்பது வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கும்போது வாய் வரவில்லை, வெள்ளையன் என்று சொல்லிவிடுகிறான். தன் தீர்ப்புக்கு விரோதமாக நடந்தான், அதுதான் சரி. ஜோனதன் பென்னட் 1974இல் இதை அலசினார், நோமி ஆர்பாலி போன்றவர்கள் பின்னால் இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள்: சில சமயம் நம் முடிவைவிட நம் தடுமாற்றத்துக்கு நியாயம் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்று. ஹக்குக்கு அது எதுவும் தெரியாது. தனக்குத் துணிச்சல் போதவில்லை, நல்லது செய்யச் சின்ன வயதிலேயே பழகாதவன் உருப்பட மாட்டான் என்று தன்னையே நொந்துகொள்கிறான், இனிமேல் அந்தந்த நேரத்துக்கு எது கைக்கு வருகிறதோ அதைச் செய்துவிட்டுப் போவது என்று முடிவுகட்டுகிறான்.